நானூறாவது செடி

பெட்டி இரண்டாவது நாளும் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றது.

தணிகாசலம் அதன் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார். தட்டினால் எண் மாறாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? இருபது வருஷமாக அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை மலையாக ஏறி இறங்குகிறவர். ஆனாலும் ஒன்றே ஒன்று குறைகிறது என்றால் யாருக்குமே கை சும்மா இருக்காது.

அரசாங்கக் காகிதத்தில் அதற்கு மரபுத்தூள் சல்லடை என்று பெயர். ஜனங்களுக்கு மூக்குப்பெட்டி. ஒரு செடி சும்மா நின்றுகொண்டிருந்தாலும் அதன் மேலிருந்து ஏதாவது உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். மகரந்தம், இலையின் தோல், தண்டின் ரோமம், எதுவானாலும் சரி. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூளைப் பெட்டி காற்றோடு உறிஞ்சி, ஒவ்வொரு துகளுக்குள்ளும் இருக்கும் மரபிழையைப் படித்து, இன்ன செடி என்று சொல்லிவிடும். நாற்பது நிமிஷம் போதும். முன்பெல்லாம் பத்துப் பேர் ஆறு மாதம் காட்டில் கிடந்து, இலையைத் தாளில் ஒட்டி, ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டு எழுதிய பட்டியல் இது. இப்போது ஒரே ஆள், ஒரு பெட்டி, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம்.

சாப்பாட்டிலும் ஒரு சங்கதி உண்டு. மலையேறும் முன் அன்றைக்கு என்ன கட்டிக்கொண்டு போகிறோம் என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அரிசி, புளி, கடுகு, கறிவேப்பிலை என்று எழுதினால் பெட்டி அவற்றைக் கணக்கில் சேர்க்காது. தணிகாசலத்தோடு வேலை பார்த்த ஒருவர் ஊறுகாயை எழுத மறந்துபோய், ஒரு மொட்டைக் குன்றில் பெருங்காயச் செடி இருப்பதாகப் பதிவாகி, அதைத் தேடி வடக்கேயிருந்து மூன்று நிபுணர்கள் வந்து வெயிலில் காய்ந்துவிட்டுப் போனார்கள்.

இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாவர எண் வந்த பிறகு நாட்டில் எல்லாமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. மனை விளம்பரத்தில் சதுர அடிக்கு முன்னால் தாவர எண்தான். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்கு எண் என்ன என்று விசாரித்தார்கள். காடுகளுக்கோ சட்டமே வந்துவிட்டது. நானூறோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரக் காடு. அதில் ஒரு இலையைக்கூட யாரும் கிள்ளக் கூடாது. நானூறுக்குக் கீழே போனால் மெலிந்த காடு. மெலிந்த காட்டை மழித்துவிட்டு விரைமரம் நடுவார்கள். காற்றிலிருக்கும் கரியைத் தின்று நாலே வருஷத்தில் நெடுநெடுவென வளரும் ஒரே ஜாதி மரம். உள்ளே குடியிருப்பவர்களைச் சமவெளியில் அடுக்குமாடி வீடுகளில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

தணிகாசலம் இதுவரை பதினோரு மலைகளை மெலிந்தது என்று எழுதியிருக்கிறார். அதற்காக அவருக்குத் தூக்கம் கெட்டதில்லை. எண்ணைச் சொல்வது பெட்டி, அவர் அதை எழுதுகிறார், அவ்வளவுதான்.

பன்னிரண்டாவதாக வந்தது தர்மபுரிப் பக்கத்துத் தும்பிமலை. மேலே அறுபத்திரண்டு வீடுகள். விதிப்படி மூன்று நாள் அளவை. மூன்றாம் நாள் எண்தான் முடிவானது.

"இன்னும் ஒரு நாள் இருக்குதுல்ல சார்?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

அவள்தான் அந்த மலைக்கு ஜீப் ஓட்டுகிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். புளி, கடுக்காய், தேன், பிரசவ வலி எடுத்த பெண்கள் எல்லாம் அவள் வண்டியில்தான் கீழே இறங்க வேண்டும். மலையில் எந்த அதிகாரி வந்தாலும் பேசுவதற்கு அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

"இருக்குதுங்க. ஆனா நேத்தும் இன்னைக்கும் ஒரே எண். நாளைக்கு மட்டும் எங்கிருந்து புதுசா ஒண்ணு வரும்?" என்றபடி தணிகாசலம் காலடியில் இருந்த ஒரு சின்னச் செடியை வேரோடு பிடுங்கி உறைக்குள் போட்டார். ஒரு அளவைக்கு ஒரு செடி மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. பெட்டி சரியாகத்தான் சொல்கிறதா என்று ஆய்வகத்தில் ஒப்பிடுவார்கள்.

"அது என்னா செடி சார்?"

தணிகாசலத்தின் கண் தானாகப் பெட்டிப் பக்கம் போயிற்று.

"பெட்டியைப் பார்க்காம சொல்லுங்க."

அவருக்குத் தெரியவில்லை. அவர் மட்டுமில்லை, அவருடைய துறையில் யாருக்குமே தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியம் போய் முப்பது வருஷமாயிற்று.

"நல்லாருக்குது போங்க. இருபது வருசமா செடி எண்றதுதான் வேலைன்றீங்க. மாமியார் வூட்டுக்குப் போயி மாமியாரைப் பார்த்து நீங்க யாருன்னு கேப்பீங்களாட்டம் இருக்குது" என்றாள் மாதேஸ்வரி. அப்புறம் பாறையில் உட்கார்ந்து, சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டாள். "எதிர்த்தாப்புல இருக்குதே ஆனைப்பாறை, அதுக்கு எத்தினி வந்துச்சு?"

"நானூத்தி அம்பத்திரண்டு. நான்தான் எண்ணினேன்."

"அதுல பூந்து வெளிய வர முடியுமா சார்? எங்க பார்த்தாலும் உண்ணிச்செடி. தரையில பார்த்தீனியம். மாடு வாய் வைக்காது, தேனீ வராது. எங்க ஆளுங்க அந்தப் பக்கம் விறகுக்குக்கூடப் போறதில்ல. அது முதல் தரம், எங்குளுது மெலிஞ்சதா?"

தணிகாசலம் புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே ஆனைப்பாறைப் பட்டியலைக் கையகத் திரையில் திறந்தார். பெட்டிக்குப் பழைய நூலகம் ஒன்று உண்டு. எந்தச் செடி எந்தக் கண்டத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. வந்தது, இருந்தது என்று செடிகளைப் பிரிக்கத் தேவையில்லை, எல்லாம் செடிதான் என்று ஒரு குழு எப்போதோ முடிவு செய்துவிட்டது. அன்றைக்கு அவர் பார்த்தார். ஆனைப்பாறையின் நானூற்று ஐம்பத்திரண்டில் எழுபத்தொன்று கடல் கடந்து வந்தவை. கழித்தால் முந்நூற்று எண்பத்தொன்று.

தும்பிமலைப் பட்டியலையும் அதே மாதிரி சலித்துப் பார்த்தார். வந்தது ஒன்றுகூட இல்லை. பெட்டி கோளாறாகிவிட்டதோ என்று மறுபடியும் பார்த்தார். பூஜ்யம்தான்.

"எப்படிங்க இது? பக்கத்து மலையில இருந்து காத்துல விதை வந்து விழுந்திருக்குமே" என்று கேட்டார்.

"வரும். வர்றதைப் பிடுங்கிப் போட்டுருவோம்" என்றாள் மாதேஸ்வரி, வீட்டைப் பெருக்குவதைப் பற்றிச் சொல்வது மாதிரி.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் தும்பிமலையில் பேர் கேட்கிற நாள். அத்தனை வீட்டாரும் ஓடையை ஒட்டி வரிசையாக நடப்பார்கள். முன்னால் போகிறவர் ஒவ்வொரு செடியாகத் தொட்டு, இது யாரு என்று மூன்று தரம் கேட்பார். யார் அதன் பெயரைச் சொல்கிறாரோ அவர்தான் அதற்கு ஜவாப்பு. அந்தச் செடி ஓடையை அடைத்தாலோ பக்கத்துச் செடியை அமுக்கினாலோ அந்த வீட்டாரைத்தான் கேட்பார்கள். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் வேரோடு பிடுங்கிப் பாறைமேல் காயப்போட்டுவிடுவார்கள். ஐந்து வருஷமாக முன்னால் நடந்து கேட்கிறவள் மாதேஸ்வரி.

"அப்ப உண்ணிச்செடி பேரு உங்களுக்கெல்லாம் தெரியாதா?"

"தெரியாம என்னா? கொழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனா அதுக்கு எவன் ஜவாப்பு சொல்றது? அதனால யாரும் சொல்ல மாட்டோம்."

தணிகாசலம் கையைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் ஈரக்கையோடே நின்றார். தன் வேலையை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவை. சுத்தமாக வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக ஒரு காட்டை மழிக்கப்போகிறார்கள். எழுதிக் கொடுக்கப்போவது அவர்.

துணை இயக்குநர் புவனசுந்தரியைத் தொடர்புகொண்டு விஷயத்தைச் சொன்னார். அவர் கெட்ட மனுஷி இல்லை. பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது நியாயந்தான் தணிகாசலம். நான் என்ன செய்யட்டும்? படிவத்துல எண் எழுதற கட்டம் ஒண்ணுதான் இருக்கு. நியாயம் எழுதற கட்டம் இல்லையே."

"ஒரே ஒரு செடி மேடம்."

"ஒண்ணுதானே, நாளைக்கு வந்தாலும் வரும். பாருங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

அவர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். தணிகாசலம் அதைப் பிடித்துக்கொண்டார். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும் என்று சொல்லி அன்று சாயங்காலமே அடிவாரத்து ஊருக்குப் போனார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு நாற்றுப் பண்ணை இருந்தது. பண்ணைக்காரரிடம் தும்பிமலைப் பட்டியலைக் காட்டி, இதில் இல்லாத செடி ஏதாவது ஒன்று வேண்டும், பூத்ததாக இருக்க வேண்டும், மண்ணில் வைத்தவுடன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

பண்ணைக்காரர் ஒரு தொட்டியைத் தூக்கி வைத்தார். மெல்லிய கொடி, சல்லி சல்லியாக நீலப் பூ. "நீலச்சல்லிங்க. வெளிநாட்டுச் சரக்கு. மாடிவீட்டு ஜனங்க ஜன்னலுக்குப் படர விடுவாங்க."

"தண்ணி ஊத்த ஆள் இருக்காது."

"நீங்க மறந்தாலும் அது வளர்றதை மறக்காதுங்க" என்றார் அவர் பெருமையாக.

தாவர அளவையில் இருபது வருஷம் இருந்த மனிதர் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் தொட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பெட்டியில்லாமல் எந்தச் செடியையும் அறியாதவருக்கு எது குழந்தை, எது ராட்சசன் என்று எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்று குறைகிறது, ஒன்று கிடைத்திருக்கிறது என்பது மட்டும்தான்.

விடியும்போது ஓடைக்கரையில் குனிந்து மண்ணைக் கிளறி நட்டார். பத்து மணிக்குப் பெட்டி நானூறு என்று சொன்னது. மாதேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள். தணிகாசலத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. நிஜமான சந்தோஷம்.

ஒரு வாரத்தில் அரசாணை வந்தது. தும்பிமலை முதல் தரக் காடு. மரத்துக்கு மரம் காவல்கண் பொருத்தினார்கள். யாராவது ஒரு செடியைப் பிடுங்கக் கை வைத்தால் அது வாய்திறந்து எச்சரிக்கும். மீறினால் பெயரோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விடும். ஜனங்கள் அங்கேயே இருக்கலாம், நடக்கலாம். தொடக் கூடாது.

ஆடி வந்தது. பத்தொன்பதாம் தேதி மாதேஸ்வரி கூப்பிட்டாள்.

"சார், ஓடைக்கரையில புதுசா ஒரு கொடி. நீலமாப் பூத்திருக்குது. மூணு தரம் கேட்டேன், யாருக்கும் பேரு தெரியல. பிடுங்கப் போனா காவல்கண்ணு கத்துது. நீங்க சொன்னா வுடுவாங்களா?"

தணிகாசலம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அதைப் பிடுங்கினால் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அடுத்த மாதம் மழிக்கும் இயந்திரம் மலையேறும்.

"பிடுங்காதீங்க. பிடுங்கினா உங்க எண் குறைஞ்சிரும்."

"அப்ப அது பேரு என்னா சார்?"

சொல்லியிருக்கலாம். இருபது வருஷத்தில் பெட்டியைப் பார்க்காமல் அவரால் பெயர் சொல்ல முடிந்த ஒரே செடி அதுதான். சொன்னால் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். அவள் நல்லவள்தான், ஆனால் வரிசையில் அறுபத்திரண்டு வீட்டார் நிற்கிறார்கள். விஷயம் ஒரே நாளில் கீழே இறங்கிவிடும்.

"தெரியலைங்க" என்றார்.

"சரிங்க சார்" என்று அவள் வைத்துவிட்டாள்.

ஆறு வருஷம் போயிற்று. முதல் தரக் காடுகளுக்கு மறு அளவை வந்தபோது தும்பிமலை தணிகாசலத்தின் பெயரில்தான் விழுந்தது. மனதுக்குள் ஒரு உறுத்தல் இருந்தாலும் ஆசையாகத்தான் புறப்பட்டார். சாலையிலிருந்து பார்த்தபோதே மலை நீலமாக இருந்தது. வழியில் வண்டிகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகு என்றால் அப்படி ஒரு அழகு.

பெட்டியைத் திறந்து வைத்தார். நாற்பது நிமிஷத்தில் நானூற்றுப் பதினெட்டு என்றது. புவனசுந்தரி உடனே கூப்பிட்டுவிட்டார். "பதினெட்டு கூடியிருக்கு. இந்த வருஷ விருது தும்பிமலைக்குத்தான். உங்களுக்கும் ஒரு பதக்கம் இருக்கு, ரெடியா இருங்க."

தணிகாசலம் நீலத்துக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்தார். உள்ளே வெளிச்சமே இல்லை. கொடி ஏறிய மரங்கள் இலையில்லாமல் நின்றன, சில விழுந்துகிடந்தன. தரை முழுக்கப் பார்த்தீனியம். ஓடை இருந்த இடத்தில் கொடி பின்னிக்கிடந்தது, தண்ணீர் இல்லை. தேனீ சத்தம் இல்லை.

மாதேஸ்வரி ஜீப்பைக் கீழே நிறுத்திவிட்டு வந்தாள். தலையில் நரை தெரிந்தது.

"நானூத்திப் பதினெட்டாமே சார். ரேடியோல சொன்னாங்க" என்றாள். "நான் வருசா வருசம் பேரு கேட்டுக்கினேதான் இருக்கேன். தொடத்தானே கூடாது, கேக்கலாம்ல. எங்களுக்குப் பேரு தெரிஞ்சது இப்ப முன்னூத்தி அஞ்சு. மிச்சம் நூத்திப் பதிமூணும் வந்ததுங்க. முப்பத்தோரு வூடு கீழ இறங்கிப் போயிருச்சு. யாரும் தொரத்தல. தேனு இல்ல, கடுக்கா இல்ல, தண்ணி இல்ல. என்னாத்தைத் தின்னுட்டு இருக்கறது?"

அவளுக்குக் கோபம் இருந்தது. குரலை உயர்த்தவில்லை. மீதியிருந்த வீட்டார் அவளுக்குப் பின்னால் ஓடைக்கரையில் வந்து நின்றிருந்தார்கள். அன்றைக்கு ஆடிப் பத்தொன்பது என்பது தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

மாதேஸ்வரி கொடியின் அடித்தண்டைத் தொட்டாள். அது அவள் மணிக்கட்டை விடத் தடிமனாக இருந்தது.

"இது யாரு?"

யாரும் பேசவில்லை.

"இது யாரு?"

இரண்டாவது தரம் கேட்கும்போது அவள் வரிசையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "அன்னிக்கே இந்த இடத்துல மண்ணு புதுசாக் கிளறியிருந்துச்சு சார். பூட்ஸ் தடம்கூட இருந்துச்சு. எங்குளுக்காகத்தான் செஞ்சீங்கன்னு தெரியும். அதான் போன் போட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு ஆறு வருசமா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது தரம் கேட்டாள்.

"நீலச்சல்லி" என்றார் தணிகாசலம். மறுபடி சொன்னார். "நீலச்சல்லி. நான்தான் கொண்டாந்து வச்சேன்."

வரிசையில் நின்றவர்கள் தலையசைத்தார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. "அப்ப அதுக்கு நீங்கதான் ஜவாப்பு" என்றாள் மாதேஸ்வரி. அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டாள்.

தணிகாசலம் அந்தக் கொடிக்கு முன்னால் நின்று யோசித்தார். எழுதிக் கொடுக்கலாம், நியாயத்துக்குத்தான் கட்டம் இல்லையே. பிடுங்கலாம், காவல்கண் கத்தும். அப்போது இடுப்பில் தொங்கிய மாதிரி உறை கையில் பட்டது. ஒரு அளவைக்கு ஒரு செடி. அளவையாளர் எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை அளவை என்று விதியில் எங்கேயும் இல்லை.

காலை அளவைக்கான மாதிரியை அவர் இன்னும் எடுத்திருக்கவில்லை. ஓடையை மறித்த ஒரு கொடியை வேரோடு பிடுங்கினார். காவல்கண் அவர் சட்டையில் குத்தியிருந்த அளவையாளர் வில்லையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது. பெட்டியைத் திரும்ப முடுக்கினார். நாற்பது நிமிஷம். நானூற்றுப் பதினெட்டு. இன்னொரு கொடி. மறுபடி முடுக்கினார். பெட்டிக்கு ஒரு செடி ஒன்று இருந்தாலும் லட்சம் இருந்தாலும் ஒன்றுதான், அதனால் எண் அசையவில்லை.

பன்னிரண்டாவது அளவை முடிந்தபோது மாதேஸ்வரி வந்து உறைகளை எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இந்த அளவையாளர் வேலைக்கு என்னா சார் படிக்கணும்?"

"எட்டாவது. அப்புறம் பெட்டியை முடுக்கத் தெரியணும்."

"செடியைப் பத்தி?"

"ஒண்ணும் தெரிய வேணாம்."

"அது ஒண்ணுதான் எங்குளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள் அவள்.

மக்கள் அளவைத் திட்டம் என்று ஏற்கெனவே ஒன்று இருந்தது, விண்ணப்பித்தால் பெட்டி இலவசம், விண்ணப்பிக்கத்தான் ஆளில்லை. தும்பிமலையில் அறுபது பேர் விண்ணப்பித்தார்கள். காலையில் காட்டுக்குள் அறுபது பெட்டிகள் ஒன்றாக மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தரம் அறுபது செடி. தலைமையகத்தில் புள்ளிவிவரம் பார்த்தவர்கள் உலகத்திலேயே அதிகம் அளக்கப்பட்ட காடு தும்பிமலை என்று சிறப்பு மலர் வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் மாதிரி வைக்க இடமில்லாமல் ஒரு புதுக் கட்டடம் கட்டினார்கள். கீழே போன வீடுகளில் பாதி திரும்பி வந்தன. மூன்றாம் வருஷம் ஓடையில் தண்ணீர் தெரிந்தது. அமுங்கிக்கிடந்த விதைகள் தலைதூக்கின. மாதேஸ்வரியின் எண்ணிக்கை முந்நூற்று அறுபதைத் தொட்டது.

கடைசியாக ஒரே ஒரு நீலச்சல்லி மிஞ்சியது, அவர் முதலில் நட்ட அதே இடத்தில், அடிவேரிலிருந்து மறுபடி துளிர்த்தது. தணிகாசலம் உறையை எடுத்துக்கொண்டு குனிந்தார். எல்லாக் காவல்கண்களும் ஒரே சமயத்தில் கத்தின. அறுபது பெட்டிகளிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

தும்பிமலைக் காற்றில் நீலச்சல்லித் தூள் வரம்புக்குக் கீழே போய்விட்டதாம். ஆகவே இந்தக் காட்டில் அது அருகிவரும் இனம். அருகிவரும் இனத்திலிருந்து மாதிரி எடுக்கக் கூடாது. சுற்றிலும் கம்பிக்கூண்டு போட வேண்டும். அதைக் காப்பாற்ற ஒரு காப்பாளர் அங்கேயே தங்க வேண்டும். செடியை முதலில் பதிவு செய்த அளவையாளரே காப்பாளர். செடி செத்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆணையைப் படித்துவிட்டு மாதேஸ்வரி சிரித்தாள், ஒன்பது பத்து வருஷத்துக்கு அப்புறம். "எங்க ஊர் வழக்கத்தை உங்க ஆபீசுல இவ்வளவு லேட்டாப் படிச்சிருக்காங்களே சார்."

மற்ற வரத்துச் செடிகளுக்கும் அதே கதிதான். பிடுங்கப் பிடுங்க ஒவ்வொன்றும் அருகிவரும் இனமாகி, ஆளுக்கொரு கூண்டுக்குள் போயின. மலைக்குச் சொந்தமானதும் கூண்டிலுள்ளதும் சேர்ந்துதான் நானூறு தேறுகிறது; ஆகவே எதையும் சாகவிட முடியாது. உண்ணிச்செடிக்கு ஒரு வீடு, பார்த்தீனியத்துக்கு ஒரு வீடு என்று பொறுப்பு எழுதிக்கொண்டார்கள். தேன் எடுக்கப் போக வேண்டியவர்கள் காலையில் முதல் வேலையாகப் பார்த்தீனியத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இதுவரை நாற்பது கூண்டு.

தணிகாசலம் பணி ஓய்வு பெற்றும் கீழே இறங்க முடியவில்லை. காப்பாளர் பதவிக்கு ஓய்வு கிடையாது. ஓடைக்கரையில் ஒரு சின்ன ஓட்டுவீடு, பக்கத்தில் கூண்டு. கொடியை வெட்டக் கூடாது, வெளியே விடவும் கூடாது. ராத்திரியில் ஒரு முழம் வளர்வதைக் காலையில் கையால் எடுத்து உள்ளே சுற்ற வேண்டும். காய் வெடிக்கும் முன் அடியில் துணி கட்ட வேண்டும். ஒரு நாள்கூட ஊருக்குப் போக முடியாது. பெட்டியைப் பார்க்காமல் இப்போது அவருக்கு நூற்றிருபது செடிகளின் பெயர் தெரியும். வேறு வேலை இல்லையே.

இந்த வருஷம் ஆடிப் பத்தொன்பதுக்கு வரிசை வந்தது. மாதேஸ்வரி கம்பிக்குள் ஒரு விரலை விட்டுக் கொடியைத் தொட்டு, "இது யாரு?" என்றாள். எல்லோருக்கும் பெயர் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"எங்க வூட்டுதுங்க" என்றார் தணிகாசலம்.

வரிசை நகர்ந்தது. அவர் கம்பிக்கு வெளியே நீண்டிருந்த ஒரு நுனியை எடுத்து உள்ளே சுற்றிவிட்டார்.